சென்னையில் வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

சென்னையில் குடியிருப்பவரின் பர்ஸை வாடகை மட்டும் காலி செய்வதில்லை. அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், மெயின்டனன்ஸ், லாரித் தண்ணீர், சப்-மீட்டர் கரண்ட் என்று பின்னாலேயே வருகிறவைதான் மாதக் கடைசியில் கழுத்தைப் பிடிக்கின்றன. இவற்றில் பாதியைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் அட்வான்ஸ் பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சு எடுபடும். இந்த வாரம் வீடு பார்க்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

செய்ய வேண்டியவை

1. மாதச் செலவை முழுதாகக் கூட்டிப் பாருங்கள். வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர், பார்க்கிங், ஆபீஸ் போய்வரும் செலவு எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான வாடகை. போன கோடையில் லாரித் தண்ணீருக்கென்று தனியாக வசூலித்தார்களா என்றும் கேளுங்கள்.

2. அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் பேசி முடியுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்லும் அளவு அதுதான். நீங்களாக ஒப்புக்கொண்டால் மட்டுமே அதற்கு மேல் வாங்க முடியும். 25,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் 2.5 லட்சம். 7% வட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 17,500 ரூபாய் நஷ்டம். அதாவது மாதம் சுமார் 1,450 ரூபாய் கூடுதல் வாடகை.

3. அக்ரிமென்ட்டை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். “பதினோரு மாசம்தானே, பதிவெல்லாம் எதுக்கு” என்பார்கள். அது சார்பதிவாளர் ஆபீஸ் கணக்கு. வாடகைச் சட்டப்படியான பதிவு 11 மாத அக்ரிமென்ட்டுக்கும் உண்டு. நாளை தகராறு என்றால் அந்தப் பதிவு எண்தான் உங்களுக்குப் பிடி.

4. வாடகை உயர்வைச் சதவீதத்தில் எழுதி வாங்குங்கள். “அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்று விட்டால், ஆண்டு முடிவில் அவர் சொன்னதுதான் தொகை.

5. குழாயைத் திறந்து பாருங்கள். மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா என்று தெரிந்தால்தான் கோடைச் செலவு தெரியும். 2019-ல் நகரத்தின் ஏரிகள் வறண்டபோது, லாரியை நம்பிய அடுக்குமாடிகள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது.

6. மழைத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர்க் கடைக்காரரிடம் கேளுங்கள். ஓனர் சொல்ல மாட்டார். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பைக், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இழந்தார்கள்.

7. தனி ஈ.பி. சர்வீஸ் உள்ள வீடாகத் தேடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் என்றால், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வைப்பதுதான் ரேட்; அந்தச் சலுகை உங்கள் பக்கம் வராது.

8. ஆடியிலும் மார்கழியிலும் பேரம் பேசுங்கள். யாரும் குடிபோக விரும்பாத மாதங்களில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் ஓனர் இறங்கி வருவார். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பால் காய்ச்சுங்கள். பள்ளி திறக்கும் நேரத்தில் போனால் கூட்டத்தோடு போட்டி போட வேண்டும்.

9. சாவி வாங்கும் அன்றே வீட்டை வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய விரிசலுக்கும் உடைந்த தாழ்ப்பாளுக்கும் காலி செய்யும்போது உங்கள் அட்வான்ஸில் கை வைக்க முடியாது.

10. வாடகையை வங்கி வழியாகவே அனுப்பி, ரசீது கேளுங்கள். பழைய வரிமுறையில் எச்.ஆர்.ஏ. விலக்கு பெறுகிறவர், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணைக் காட்ட வேண்டும். தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். “ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது” என்று சொல்லி கியூஆர் கோடு அனுப்புகிறவர் ஓனர் அல்ல. பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை.

2. ஓனர் யார் என்று உறுதியாகாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சொத்து வரி ரசீதையும் ஈ.பி. பில்லையும் கேட்டுப் பெயரை ஒத்துப் பாருங்கள். உறவினர் என்றோ பவர் ஏஜென்ட் என்றோ சொன்னால், அதற்கான பத்திரத்தைப் பாருங்கள்.

3. வில்லங்கச் சான்று பார்க்காமல் போக்கியத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து தவணை நின்றால், ஏல நோட்டீஸ் உங்கள் கதவில்தான் ஒட்டப்படும். அசல் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

4. இடையில் இருப்பவரிடம் ‘லீஸ்’ தொகையைக் கொடுக்காதீர்கள். ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லட்சக்கணக்கில் லீஸ் வாங்கி, சில மாதம் வாடகை கட்டிவிட்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். ஓனர் வந்து கதவைத் தட்டும்போது பணமும் இருக்காது, வீடும் இருக்காது.

5. சாவி கைக்கு வரும் முன் புரோக்கருக்கு முழு கமிஷன் கொடுக்காதீர்கள். ஒரு மாத வாடகை என்பது வழக்கம்தானே தவிர, சட்டம் அல்ல. பாதி மாதத்துக்குப் பேசிப் பாருங்கள்.

6. லாக்-இன், நோட்டீஸ் பீரியட் வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஆறாவது மாதம் வேலை மாறினால், மீதி மாதத்து வாடகையை அந்த ஒரு வரியை வைத்தே பிடித்துவிடுவார்கள்.

7. பெயின்டிங் பிடித்தத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள் காலி செய்தால் என்று அக்ரிமென்ட்டில் எழுதாவிட்டால், ஒரு மாத வாடகை அதிலேயே போகும்.

8. “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்று வாடகையை நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கி விழுந்தால், உங்களை வெளியேற்றச் சட்டப்படியே ஒரு காரணம் கொடுத்தவர் ஆகிறீர்கள்.

9. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் பொறுத்துப் போகாதீர்கள். எந்தத் தகராறிலும் அதற்கு ஓனருக்கு உரிமை கிடையாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். வீட்டைப் பார்க்க வருவதென்றாலும் 24 மணி நேரம் முன்னதாக அவர் நோட்டீஸ் தர வேண்டும்.

10. கணக்கை எழுதி வாங்காமல் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பிடித்தம் போக மீதி அட்வான்ஸ், காலி செய்த ஒரு மாதத்துக்குள் வர வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு பாக்கி என்று அவர் கையெழுத்தில் இருந்தால்தான் கேட்க முடியும்.

பார்த்து வைத்திருக்கும் வீட்டின் ஓனருக்கு இன்றே போன் போடுங்கள். அட்வான்ஸ் எத்தனை மாதம், மெயின்டனன்ஸ் எவ்வளவு, அக்ரிமென்ட்டைப் பதிவு செய்ய வருவீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்புகிறவரின் வீடு எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேண்டாம். அடுத்த வீட்டைப் பாருங்கள்.