பாதியில் நிற்கும் ஹெரால்டுக்காரத் தம்பிக்கு



1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ட்ரையம்ப் ஹெரால்ட் கார் அறிமுகமானபோது ஒரு வித்தை காட்டினார்கள். மேடைக்குத் துண்டு துண்டாக வந்த காரைப் பார்வையாளர்கள் கண்ணெதிரே சில நிமிடங்களில் பூட்டி முடித்து, ஸ்டார்ட் செய்து ஓட்டிக்காட்டினார்கள். அந்தக் காரின் சென்னைத் தங்கை உன் வீட்டு ஷெட்டில் வருடக்கணக்காகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எஞ்ஜின் ஒரு மூலையில், கதவுகள் கட்டிலுக்கடியில், நட்டும் போல்ட்டும் பிஸ்கட் டப்பாக்களில். கழற்றுவது யாருக்கும் வரும். முடிப்பதற்கு வேறொரு புத்தி வேண்டும். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

முதலில், அந்தக் கார் ஏன் அப்படித் துண்டு துண்டாகக் கழல்கிறது என்று தெரிந்துகொள். 1950-களில் மற்ற கம்பெனிகள் சேஸிஸே இல்லாத ஒற்றைக் கூட்டு பாடிக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் செய்துதர ஆளில்லை. ஆகவே ஹாரி வெப்ஸ்டர் என்ற தலைமைப் பொறியாளர் தனிச் சேஸிஸ் ஒன்றைப் போட்டு, அதன்மேல் பல பட்டறைகளில் செய்த பகுதிகளைப் போல்ட் போட்டு இணைக்கும் வழிக்குப் போனார். உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலொட்டி. வியாபார நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடுதான் இன்று வீட்டிலேயே வேலை பார்க்கிறவனுக்கு வரம். முன்பகுதி தனி, பின்பகுதி தனி, கூரைகூடத் தனி.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் இதை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்தது. 948 சிசி எஞ்ஜின். பிறகு பிரிட்டனில் இல்லவே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் இங்கே கொண்டுவந்தார்கள். இதில் உனக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கிறது. எஞ்ஜின், பிரேக், முன் சஸ்பென்ஷன் சாமான்களில் பெரும்பாலானவை பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடியதால் அவற்றுக்குக் கிராக்கி குறையவில்லை. ஆனால் பின்கதவும் அதன் கண்ணாடியும் அங்கே கிடைக்காது. உன்னுடையது நான்கு கதவு வண்டி. துருப்பிடித்த பின்கதவைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதே. அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்யத் தெரிந்த டிங்கரைத் தேடு.

இனி வேலையின் வரிசை. வீட்டு ரெஸ்டோரேஷன்கள் பெரும்பாலும் நிற்கிற இடம் ஒன்றே: பெயின்ட் அடித்து, பளபளவென்று, கண்ணாடியும் வயரிங்கும் இல்லாமல் நிற்கும் கூடு. பெயின்ட் அடித்தால் பாதி முடிந்தது என்ற நினைப்பே இதற்குக் காரணம். காசும் உற்சாகமும் அதோடு தீர்ந்துவிடுகின்றன. ஹெரால்டில் அவசரப் பெயின்டுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே தகடுகள் வைத்து உயரம் சரிசெய்வார்கள். அவற்றைக் கூட்டிக் குறைத்தால்தான் கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக வரும். முன்பக்கம் முழுவதையும் தூக்கித் திறக்கும் அந்தப் பெரிய பானெட் கதவோடு நேர்கோட்டில் உட்காரவும் கீல்களை நகர்த்த வேண்டும். இதையெல்லாம் புதுப் பெயின்டின்மேல் செய்தால் ஓரங்கள் உரிந்துவிடும். எனவே பிரைமரோடு ஒருமுறை முழுக்கப் பூட்டு. கதவு, பானெட், டிக்கி, பம்பர் எல்லாம். ரப்பர் பீடிங்கையும் வைத்துக் கதவைச் சாத்திப் பார். புது பீடிங் தடிமனாக இருந்தால் கதவு உட்காராது. எல்லாம் பொருந்திய பிறகு கழற்றி பெயின்டுக்கு அனுப்பு.

பெயின்டை மட்டும் வீட்டில் அடிக்காதே. ஹார்ட்னர் கலக்கும் இன்றைய பி.யூ. பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டால் அது நிற்காது. நுரையீரலைக் கெடுத்து நிரந்தர ஆஸ்துமாவைக் கொடுக்கும். முறையான பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடு. பழைய பிரேக் ஷூவின் தூசியும் அப்படித்தான்: அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் உண்டு. காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடை.

ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அந்தக் காலத்தில் விளம்பரமே அதை வைத்துத்தான். அப்படித் திரும்பும் முன்சக்கரத்தின் அடியில் பித்தளை போன்ற உலோகத்தில் ட்ரன்னியன் என்ற ஒரு துண்டு இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் இரும்பு லிங்க் அதற்குள் மரையோடு இறங்கித் திரும்புகிறது. கம்பெனிக் கையேடு அதற்குச் சொன்னது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை மாட்டுவது மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். கிரீஸ் மரைக்குள் சரியாகப் பரவாது. தண்ணீர் தங்கும், லிங்க் உள்ளேயே அரித்துப்போகும், ஒருநாள் ஓடும்போதே முறிந்து சக்கரம் மடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உன் வண்டியின் முந்தைய சரித்திரம் உனக்குத் தெரியாதபோது, இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் அந்த வண்டியை ரோட்டில் இறக்க உனக்கு உரிமையே இல்லை.

பிரேக்கிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெரால்டுக்கு ஒரே பிரேக் லைன்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். எல்லா ஹோஸ்களையும் வீல் சிலிண்டர் ரப்பர்களையும் புதிதாகப் போடு. பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் உரியும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் இல்லாமல் பழைய வால்வு சீட்டுகள் தேயும், ஆகவே ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கெட்டியான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளை லேத் பட்டறையில் போட்டுவிடு. இப்போது 20 சதவீத எத்தனால். பழைய ஃப்யூவல் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறிக் கெடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்கு. மாதக்கணக்கில் டாங்க்கில் பெட்ரோலை நிறுத்தி வைக்காதே.

வயரிங்கில் பயப்பட ஒன்றுமில்லை. லூகாஸ் நிறங்கள் ஒழுங்கானவை: பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸுக்குப் பிறகு, கறுப்பு எர்த். புது வயரிங்கையும் அதே நிறங்களில் போடச் சொல். எல்லாம் சிவப்பாகப் போட்டுத் தருபவர் உனக்கும் உன் வண்டியை அடுத்து வாங்குபவருக்கும் பகை. புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் விளக்கு எரியாவிட்டால் முதலில் எர்த் போல்ட்டின் அடியைச் சுரண்டிப் பார். பெயின்ட் கரண்டைத் தடுக்கும்.

அடுத்தது பேப்பர். இதைக் கடைசிக்கு வைப்பவர்கள்தான் அதிகம், முதலில் செய்ய வேண்டியதோ இதுதான். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 50 வயது தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு முறையை அறிவித்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. பழைய எண்ணில் ஏற்கெனவே பதிவான வண்டி அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். சேஸிஸ், பாடி, எஞ்ஜின் பெரிதாக மாற்றப்பட்டிருந்தால் அந்த வகையிலேயே வராது. வேறு எஞ்ஜின் ஏற்றிய பழைய வண்டிகள் நம் ஊரில் அபூர்வமில்லை. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், எஞ்ஜின் எண் இரண்டையும் இரும்பில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இன்னொரு ரூபாய் செலவழி.

எதுவரை செய்தால் முடிந்தது? பரிசுக் கோப்பை வரை என்றால் உன் ஆயுசுக்கும் முடியாது. கிழியாத பழைய சீட் உறையை மாற்றாதே, மங்கிய ஸ்பீடோமீட்டர் முகப்பை மறுபடி வரையாதே. கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய்வா. போனால் குரோமைப் பார்த்து மயங்காமல் கதவு இடைவெளிகளையும் ஓரங்களையும் குனிந்து பார். சொந்தப் பெயரில் ஆர்.சி., பிடிக்கிற பிரேக், எரிகிற விளக்கு, ஒழுகாத கண்ணாடி, இன்ஷூரன்ஸ். உன் வண்டிக்கு இவ்வளவுதான் எல்லை. ஓட ஆரம்பித்த வண்டியில் மற்றதை ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம். முதல் நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் போல்ட் இறுக்கத்தையும் டாப்பெட் இடைவெளியையும் பார். எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.010 அங்குலம்.

ட்ரன்னியனை வரும் ஞாயிற்றுக்கிழமையே கழற்று. பெயின்ட் கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதை ஆர்.சி. உன் பெயருக்கு மாறும்வரை தள்ளி வை.