கட்டளையைத் தட்டும் முன்
கொள்கை விளைவை அளக்க வரும் இளையோருக்கு

ஒரு சட்டம் வந்தது, ஒரு திட்டம் வந்தது. அதனால் என்ன மாறியது? இந்தக் கேள்வியோடு ஸ்டேட்டாவையோ ஆர் மொழியையோ முதன்முதலாகத் திறக்கும் தம்பி தங்கைகளுக்கு, இந்த வேலையில் நரைத்தவன் சொல்லும் சில வார்த்தைகள் இவை. உதாரணங்களை நம் சிங்கப்பூரிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

1. முதலில் ஒப்பீட்டைத் தேடுங்கள். மென்பொருள் எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் கழித்துவிடும். அவை ஒப்பிடத் தகுந்தவையா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. 2011-ல் அரசு வளர்ச்சி ஈவுத்தொகை அறிவித்தபோது குடிமக்களுக்குப் பணம் கிடைத்தது. இங்கே வாழும் வெளிநாட்டவருக்குக் கிடைக்கவில்லை. ஊர் ஒன்று, விலைவாசி ஒன்று, ஈவுத்தொகை மட்டும் வேறு. சுமித் அகர்வாலும் வென்லான் சியானும் வங்கித் தரவில் இரு சாராரின் செலவையும் மாதாமாதம் ஒப்பிட்டார்கள். அறிவிப்புக்குப் பிந்தைய பத்து மாதங்களில், கிடைத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாக 80 காசு செலவானது என்று 2014-ல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் எழுதினார்கள். அந்த ஆய்வின் பலம் அவர்கள் தேர்ந்தெடுத்த ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறது.

2. முன்னும் பின்னும் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பின் அங்கே மதுவுக்குக் கட்டுப்பாடு வந்தது. கூடவே காவல் பெருகியது. தொழிலாளர் விடுதிப் பேருந்துச் சேவை குறைக்கப்பட்டது. அதன்பின் அங்கே சச்சரவு குறைந்திருந்தால், அதில் மதுக் கட்டுப்பாட்டின் பங்கு எவ்வளவு, காவலின் பங்கு எவ்வளவு? வட்டாரத்தின் முன்பின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது.

3. தரவைத் தொடுமுன் தேதிகளை எழுதுங்கள். எங்கே, எப்போது அறிவித்தார்கள், எப்போது அமலானது என்று ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். லிட்டில் இந்தியாவுக்குத் தற்காலிகச் சட்டம் 2014-லேயே வந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுவதும் இரவு 10.30-லிருந்து காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதியில் இன்னும் கடுமை. ஆகவே அந்தத் தேதிக்குப் பின், இரவுத் தடைக்கு ஆட்படாத பேட்டை ஒன்றுகூடத் தீவில் கிடையாது. இந்த உண்மையை எந்தக் கட்டளையும் உங்களுக்குச் சொல்லாது. அந்தத் தாள் சொல்லும்.

4. கொள்கை படிப்படியாக வந்திருந்தால் பழைய வாய்ப்பாட்டை அப்படியே போடாதீர்கள். இடத்துக்கும் காலத்துக்கும் நிலைத்த விளைவைச் சேர்க்கும் வழக்கமான முறை, முன்பே சட்டத்துக்குள் வந்த லிட்டில் இந்தியாவைப் பின்னால் வந்த கேலாங்குக்கு ஒப்பீடாக்கிவிடும். முதலாவதில் விளைவு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் விடை கோணலாகும், சில சமயம் குறியே மாறிவிடும். குட்மன்-பேக்கன் 2021-ல் இதைப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டு வெளிவந்த கேலவே, சாந்தான்னா இருவரின் முறைக்கு ஆர் மொழியில் ‘டிட்’ என்ற தொகுப்பு உண்டு. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

5. புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். மரியான் பெர்ட்ராண்ட், எஸ்தர் டஃப்லோ, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பெண்களின் ஊதியத் தரவில், இல்லாத சட்டங்களைக் கற்பனையாக நுழைத்துப் பார்த்தார்கள். 5 விழுக்காடு வேளைகளில் மட்டும் தென்பட வேண்டிய ‘விளைவு’, 45 விழுக்காடுவரை தென்பட்டது. ஒரே இடத்தின் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றையொன்று ஒட்டியே நகர்வதால் திட்டப் பிழை சிறுத்துக் காட்டுகிறது. இடவாரியாகத் தொகுத்துக் கணக்கிடுங்கள். லிட்டில் இந்தியா, கேலாங் போலக் கடுமையான விதிக்கு உட்பட்டவை இரண்டே வட்டாரங்கள் என்றால் அதுவும் போதாது. மற்றப் பேட்டைகளுக்கும் பொய்ச் சட்டம் ஒன்றைச் சூட்டி, உங்கள் விடை அந்தக் கூட்டத்திலிருந்து தனித்து நிற்கிறதா என்று பாருங்கள்.

6. எண் எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். காவலர் கூடினால் பதிவாகும் குற்றமும் கூடக்கூடும். புதுச் சட்டம் புதுக் குற்றத்தையே உண்டாக்கும். ஒரே வட்டாரத்துக்கு ஒரே மாதம் இருமுறை வருகிறது என்று ஸ்டேட்டா மறுத்தால், வரிகளை நீக்கிவிட்டு நகராதீர்கள். ஏன் இருமுறை வந்தது என்று தேடுங்கள்.

7. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையிலும் சிராங்கூன் சாலையிலும் நடந்து பாருங்கள். இங்கே அமர முடியாதவர் வேறெங்கோ போய் அமர்ந்தால், உங்கள் ஒப்பீட்டு இடமும் மாறிவிட்டது என்று பொருள். வாரத்தில் ஒரே ஓய்வுநாள் உள்ள தொழிலாளிக்கு அந்த விதி எதைக் கொடுத்தது, எதை எடுத்தது என்பதற்கு உங்கள் கோப்பில் ஒரு நிரல்கூட இருக்காது. அவரிடமே கேளுங்கள்.

8. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். நாளை இன்னொரு விதி உங்கள் எண்ணைச் சான்றாகக் காட்டி வரக்கூடும். அதற்குக் கீழே வாழப்போகிறவர்கள் உங்கள் அட்டவணையைப் படிக்கமாட்டார்கள். அவர்களை நினைத்து, உங்கள் எண் எதைச் சொல்லவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.