நாய் ஓயாமல் சொறிகிறதா?

முதலில் வாலடி முடியை விலக்கிப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புப் பொடி இருந்தால் ஈரப் பஞ்சில் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், உறிஞ்சிய ரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். தெள்ளு இருந்தால் நாயோடு வீட்டிலுள்ள பூனைக்கும் மருந்து வேண்டும். ஆனால் நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும்.

நாய் ஷாம்பு நுரையை 10 நிமிடம் விட்டு அலசி, விரலிடுக்கு ஈரத்தைத் துடையுங்கள். மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் தடவுவது கொடுமை, நக்கினால் விஷம்.

உணவு ஒவ்வாமையா என்றறிய மருத்துவர் சொல்லும் உணவை மட்டும் 8 வாரம் கொடுங்கள். இடையில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை வீண். காது நாறினாலோ தோலில் நீர் வடிந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.