வேத ஆராய்ச்சி: பிலேமோனுக்கு எழுதின நிருபம்

தரங்கம்பாடியில் 1715-ல் அச்சாகி முடிந்த புதிய ஏற்பாட்டிலிருந்து இந்நிருபம் தமிழர் கையில் இருக்கிறது. வசனங்கள் 25 மாத்திரமே. ஆராய்வதற்கு ஒத்தவாக்கியக் குறிப்புள்ள வேதாகமமும் ஒரு நோட்டுப்புத்தகமும் போதும். முதலாவது, ஒரே மூச்சில் இருமுறை வாசியுங்கள்.

ஒநேசிமு என்னும் பெயருக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அர்த்தம். இதை அறிந்தபின் 11-ம் வசனத்துக்கு வாருங்கள். பவுலின் சொல்நயம் விளங்கும். பிறகு கொலோசெயர் 4:9, 17 பாருங்கள். அங்கேயும் ஒநேசிமு, அங்கேயும் அர்க்கிப்பு!

இப்பொழுது 2-ம் வசனம். நிருபம் எஜமானுக்கு மாத்திரமல்ல, அவன் வீட்டில் கூடிய சபைக்கும் எழுதப்பட்டது. அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்ற விண்ணப்பம் (16) சபையாரையும் முன்வைத்தே வந்தது. பிலேமோன் என்ன செய்தான்? வேதம் சொல்லவில்லை.

கொண்டாப்பூர் போன்ற இடங்களில் வீடுகளில் கூடும் குழுவினர் அதற்கு அவசரமாய் விடை எழுதவேண்டாம். அவ்வீட்டில் வேலைசெய்கிறவர் ஜெபவேளையில் எங்கே உட்காருகிறார் என்பதை முதலில் எழுதுங்கள்.