முதுமைக்கு ஒரு குளம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் சிற்றாறு பெருகுகிறது. ஆயினும் அப்பெருக்கு சில மாதங்களே. கோடையில் பயிரைக் காப்பது குளத்தில் தேக்கிய நீர். நமது வருவாயும் அத்தகையதே. சங்கரன்கோவில் நெசவாளருக்குக் கண்ணும் காலும் தளர்ந்தால் தறி நின்றுவிடும். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரருக்கும் உடல் வலு என்றும் இராது. மக்கள் காப்பாற்றுவார்கள் என்பது நம் ஆசை, அது திட்டமாகாது.

எப்போது தொடங்குவது என்பதே இன்றைய பாடம். மத்திய அரசு 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாதவர்கள் 18 முதல் 40 வயதுக்குள், வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வழியே சேரலாம். 60 வயது முதல் மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கு, 18 வயதில் சேர்பவர் மாதம் 42 ரூபாய் கட்டுகிறார். 40 வயதில் சேர்பவர் 291 ரூபாய் கட்டுகிறார். முன்னவர் 42 ஆண்டுகளில் கட்டுவது 21,168 ரூபாய். பின்னவர் 20 ஆண்டுகளில் கட்டுவது 69,840 ரூபாய். பயனோ ஒன்றே. முன்னவரின் பணம் நெடுங்காலம் வளர்கிறது. தாமதத்தின் விலையைப் பின்னவர் தருகிறார். சந்தாதாரர் மறைந்தால் ஓய்வூதியம் வாழ்க்கைத் துணைக்குத் தொடரும்.

விலைவாசி ஏறுமாதலால் 1,000 ரூபாய் போதாது. இயன்றவர்கள் 5,000 ரூபாய் வரை தேர்ந்துகொள்ளலாம். நாற்பதைக் கடந்தவர்களும் மனந்தளர வேண்டுவதில்லை. கூலி வாங்கும் நாளிலும் காய் விற்கும் நாளிலும், செலவுக்கு முன்னரே ஒரு பங்கைச் சேமிப்பில் போடுவோமாக.

அங்கத்தினர்களே! இன்றிரவே குடும்பத்தாருடன் அமர்ந்து கணக்கு எழுதுங்கள்: அறுபதில் மாதம் எவ்வளவு வேண்டும்? இதுவரை எவ்வளவு தேக்கியிருக்கிறோம்?