பழகிய மாத்திரையும் மாறிய உடலும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் முதியவரின் மருந்துப் பையில், அந்நோய்க்கான மருந்துகளைவிட, நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, தூக்கமின்மை ஆகியவற்றுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெவ்வேறு மருத்துவர்கள் எழுதித் தந்த மாத்திரைகளே மிகுதியாக இருப்பதுண்டு. பாதுகாப்பான மாற்று இருந்தும், நன்மையைவிடத் தீங்கே மிகக்கூடிய நிலையிலும் தொடரப்படும் மருந்து ‘பொருந்தா மருந்து’ எனப்படுகிறது. அத்தகையவற்றை இனங்காண அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் முதியோர் இல்லவாசிகளுக்காக வகுத்த பட்டியல், பின்னர் 65 வயதை எட்டிய அனைவருக்கும் விரிவாக்கப்பட்டு, 2023-இலும் திருத்தி வெளியிடப்பட்டது.

நம்பிக்கை: பல வருடமாக ஒத்துக்கொண்ட மாத்திரை இனிமேல் என்ன செய்துவிடப் போகிறது?

இந்த நம்பிக்கை தவறு என்பதற்கு, நீரிழிவுக்குத் தரப்படும் கிளிபென்கிளமைடு தக்க சான்றாகும். மூன்று வேளையும் நன்றாக உண்டவருக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்த அதே மாத்திரை, கீமோதெரபியால் வாய்ப்புண்ணும் குமட்டலும் வந்து அரை டம்ளர் கஞ்சியோடு நாளைக் கழிப்பவருக்குச் சர்க்கரையை அபாயகரமான அளவுக்குத் தாழ்த்திவிடும். அதன் செயல் நீண்டநேரம் நீடிப்பதோடு, அதன் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்தின் வழியாகவும் வெளியேற வேண்டியிருப்பதால், சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அந்தத் தாழ்வு எளிதில் மீளுவதில்லை.

நம்பிக்கை: கிரியாட்டினின் நார்மல் என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

பரிசோதனை அறிக்கைகளில் இதைவிட ஏமாற்றும் எண் அரிது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து உருவாகும் கழிவு. ஆகவே முதுமையாலும் நோயாலும் தசை கரைந்தவரின் இரத்தத்தில், சிறுநீரகம் பாதி வேலையே செய்தாலும், அது குறைவாகத்தான் தெரியும். 80 வயதும் 40 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு அது 0.9 என்று வந்தால், அறிக்கையில் எந்தச் சிவப்புக் குறியும் இராது. ஆனால் 1976-இல் வெளியான காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 31 மில்லிலிட்டர் இரத்தத்தை மட்டுமே சுத்திகரிக்கிறது என்று தெரியவரும். இந்தச் சுத்திகரிப்பு எண் 60-க்குக் கீழே இறங்கினால், எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் ஏற்றப்படும் சோலெட்ரானிக் அமிலத்தின் அளவு குறைக்கப்படவேண்டும். 30-க்குக் கீழே அது பரிந்துரைக்கப்படுவதே இல்லை. இந்நிலையிலுள்ள ஒருவர் மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கினால், எஞ்சியிருக்கும் ஆற்றலும் பறிபோகலாம். சிஸ்பிளாட்டின் போன்ற, சிறுநீரகத்தைத் தாக்கும் புற்றுநோய் மருந்தும் சேர்ந்துகொண்டால் ஆபத்து பன்மடங்காகும்.

நம்பிக்கை: கேஸ் மாத்திரை யாருக்கும் கெடுதல் செய்யாது.

காலையில் வெறும் வயிற்றில் போடப்படும் ஒமிப்பிரசோல் வகை மாத்திரைகள் வயிற்றின் அமிலத்தைக் குறைக்கின்றன. நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோட்டினிப் கரைந்து உடலில் சேர்வதற்கு அந்த அமிலமே தேவை. இரண்டும் சேரும்போது எர்லோட்டினிப் உடலில் சேரும் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது அளந்து கண்ட உண்மை. பெருஞ்செலவில் வாங்கிய மருந்து பயனற்றுப் போவதை நோயாளி உணர எந்த அறிகுறியும் இல்லை என்பதே இதன் கொடுமை.

நம்பிக்கை: பட்டியலில் உள்ள மருந்தைத் தொடவே கூடாது.

இது எதிர்ப்பக்கத்துப் பிழை. மனநோய் மருந்தான ஒலான்சபின் முதியோர்க்குத் தவிர்க்கத்தக்கது என்று பியர்ஸ் பட்டியல் கூறினாலும், வாந்தியைத் தடுக்கக் குறுகிய காலம் தருவதற்கு அதுவே விலக்களிக்கிறது. மும்பை டாட்டா நினைவு மையத்தின் ஆய்வு 2.5 மில்லிகிராமே 10 மில்லிகிராமுக்கு ஈடாக வாந்தியைத் தடுத்து, பகல்நேரத் தூக்கக் கலக்கத்தையும் குறைப்பதாக 2024-இல் காட்டியது. வலி கடுமையாக இருக்கையில், முதியவர் என்பதற்காகவே மார்ஃபினை மறுப்பதும், அதைக் கொடுத்துவிட்டு மலமிளக்கி எழுதாமல் விடுவதும் பொருந்தா மருத்துவமே.

நம்பிக்கை: மாத்திரையை நிறுத்துவது கைவிடுவதற்குச் சமம்.

ஆயுள் குறுகிய நோயாளிகள் 381 பேரிடம் (அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் புற்றுநோயாளிகள்) அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் இடையே 60 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நிறுத்தியவர்களின் வாழ்க்கைத் தரமோ சற்று மேம்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் மருந்து, சில மாதங்களே எஞ்சியவருக்கு விழுங்கும் சிரமத்தை மட்டுமே தருகிறது.

எனினும் எதையும் வீட்டாரே நிறுத்திவிடலாகாது. நெடுநாள் எடுத்துவந்த அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பு வரலாம். ஸ்டீராய்டையும், மெட்டோப்ரோலால் போன்ற இதய மாத்திரையையும் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். மருந்துக் கடையில் வாங்கியதும் நாட்டு மருந்தும் உட்பட, வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரே பையில் இட்டு, சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்திலும் புற்றுநோய் மருத்துவரின் மேசைமேல் வைப்பதே எதை நிறுத்துவது என்று முடிவுசெய்வதற்குரிய முறை.