அன்றாட வாழ்வில் மன இறுக்கம்

"எனக்கு ஒரே டென்ஷனாக இருக்கிறது!" இச்சொற்களைக் கேளாத நாள் நம் வகுப்பில் உண்டா? அப்பாவுக்கு அலுவலக டென்ஷன், அம்மாவுக்கு அடுப்படி டென்ஷன், பத்தாம் வகுப்பிலிருக்கும் எங்களுக்கோ பொதுத்தேர்வு டென்ஷன். எடுத்ததற்கெல்லாம் இச்சொல்லை வழங்குகிறோமே, அப்போது நம் உடலுக்குள் என்னதான் நடக்கிறது என்று சற்று ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் இதனை ஸ்ட்ரெஸ் என்பர். இச்சொல் மருத்துவத்திற்கு வருமுன் பௌதிகத்தில் இருந்தது. ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் அதனுள் தகைவு உண்டாகிறது. கம்பி சிறிது நீள்கிறது. எடையை நீக்கினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஓர் எல்லைக்கு மேல் எடையை ஏற்றிவிட்டாலோ, நீக்கிய பின்பும் அது திரும்புவதில்லை. மேல்வகுப்பு அக்காமார் படிக்கும் இப்பாடத்தை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இச்சொல்லை மனித உடலுக்குப் பரவலாக வழங்கச் செய்தவர் ஹான்ஸ் செல்யே என்னும் விஞ்ஞானி. 1907-ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, எலிகளுக்குச் சூலகச் சாற்றை ஊசியால் ஏற்றினார். எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் பெருத்திருந்தன, தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண்கள் காணப்பட்டன. ஹார்மோன் அகப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்தார். ஆனால் என்ன ஏமாற்றம்! வேறு உறுப்புகளின் சாறும், பார்மலினும், கடுங்குளிரும்கூட அதே விளைவைத் தந்தன. வேறொருவராயின் குறிப்பேட்டை மூடி வைத்திருப்பார். அவரோ, துன்பம் எதுவாயினும் உடல் ஒரே விதமாகத்தான் பதில் கூறுகிறதோ என்று எண்ணலானார். 1936-இல் 'நேச்சர்' இதழில் இதனைச் சிறு கடிதமாக வெளியிட்டார். முதலில் அதிர்ச்சி, பின்னர் தாக்குப்பிடித்தல், முடிவில் தளர்ச்சி என மூன்று படிகளை அவர் வகுத்தார். எல்லாத் துன்பத்திற்கும் உடலின் பதில் அச்சடித்தாற்போல் ஒன்றல்ல என்று பின்வந்தோர் அவரைத் திருத்தியதும் உண்டு.

அவருக்கு முன்பே ஹார்வர்டைச் சேர்ந்த வால்டர் கேனன், அஞ்சிய உயிரினம் போராடவோ தப்பி ஓடவோ எவ்வாறு ஆயத்தமாகிறது என்று விளக்கியிருந்தார். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, செரிமானம் மந்தமாகிறது, வாய் உலர்கிறது. வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்வதன் காரணம் இதுவே. ஆகவே அது கோழைத்தனமன்று. இந்தப் பரபரப்பு அளவோடிருந்தால் கவனத்தைக் கூராக்கும்.

அப்படியானால் தொல்லை எங்கே? தெருநாய் துரத்தினால் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும், உடலும் அமைதியடையும். பொதுத்தேர்வோ ஜூன் மாதம் முதல் நம்மைத் துரத்துகிறது! நாள் கணக்கில் இது நீடித்தால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் ஓயாமல் வேலை செய்ய நேர்கிறது. உறக்கம் கெடுகிறது, தலைவலியும் வயிற்றுக்கோளாறும் வருகின்றன, சளிக்காய்ச்சல் எளிதில் பற்றுகிறது, படித்தது நினைவுக்கு வர மறுக்கிறது.

யாருக்கு இது அதிகம் தீங்கு செய்கிறது? பெரிய பொறுப்பில் இருப்போருக்குத்தான் என்று எண்ணுவோம். 1967-இல் லண்டனில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களிடம் ஓர் ஆய்வு தொடங்கிற்று. மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே இதய நோயால் ஏறத்தாழ 3 மடங்கு இறந்தனர். புகைபிடித்தல், இரத்த அழுத்தம் ஆகியவை இதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. பெண்களையும் சேர்த்து 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது.

இதைப் படித்தபோது நாங்கள் எங்கள் அன்னையரை நினைத்துக்கொண்டோம். எத்தனை மணிக்கு எழுவது, என்ன சமைப்பது, எப்போது உட்காருவது யாவும் பிறர் பசிக்கும் பிறர் பேருந்துக்கும் ஏற்பவே நடக்கின்றன. வேலைக்குச் செல்லும் அன்னையருக்கு இது இரண்டாவது அலுவலகம். நாம் தேங்காய் துருவிக் கொடுத்தால் அவர்கள் கைவேலை குறையும். நாளை என்ன குழம்பு என்னும் யோசனை அவர்கள் தலையிலேயே இருக்கும். அதனால் சனிக்கிழமை இரவு உணவை, காய் வாங்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை, பிள்ளைகளே முழுமையாய் ஏற்றால் என்ன? அண்ணன் தம்பிமாரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

எங்களுக்கும் பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. எந்தப் பாடத்தை முதலில் படிப்பது என்பதையாவது எங்களிடம் விட்டுவிடுங்கள். 500-க்கு எத்தனை என்று கேட்குமுன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணை அவள் வீட்டார் கவனித்துக்கொள்வார்கள்!

தோழியரே, இரவு முழுதும் விழித்துப் படிப்பதைப் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். நம் வயதினருக்கு 8 மணி நேரமாவது உறக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது பெரிதும் உறக்கத்தில்தான். படபடப்பு வரும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விட்டால் இதயத்துடிப்பு தணியும். தேர்வறையில் யாருக்கும் தெரியாமலே இதைச் செய்யலாம். மாலையில் அரைமணி நேரம் விளையாடினால் குடி முழுகிவிடாது. நம் அருட்சகோதரிகளைப் பாருங்கள். ஜெப மணி அடித்ததும் கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுகிறார்கள். முடியாத வேலையை முடியாததாகவே வைத்துவிட்டு எழுவது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

இவற்றாலும் தீராத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரத்திற்கு மேலும் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, எதிலும் மகிழ்ச்சியின்றி ஒருத்தி இருந்தால் அதை 'டென்ஷன்' என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல்தான் இதுவும். மத்திய அரசு 2022 அக்டோபரில் 'டெலி மனஸ்' என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருக்கிறது. அதன் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்க எங்கள் வகுப்பாசிரியை அனுமதி அளித்துள்ளார்கள்.